மாமா வைத்துப் போன பை

மாநில எல்லையில், அத்திபெலேயில் காபி குடிக்க வண்டியை நிறுத்தியதும் ரகுராமின் கை ஜாக்கெட்டுக்குள் போய்த் தடவியது. பிறகு பெட்ரோல் டாங்கின்மேல் கட்டியிருந்த பையைத் திறந்தான். மழைக்கோட்டு, பஞ்சர் கிட், சார்ஜர் என்று ஒவ்வொன்றாக எடுத்து சீட்டில் வைத்தான். எல்லாம் வெளியே வந்த பிறகும் காலிப் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தான்.

"என்ன தேடற?" என்றாள் சௌம்யா.

"ஒண்ணுமில்ல. பர்ஸ்."

பர்ஸ் அவன் பின்பாக்கெட்டில் புடைத்துக்கொண்டிருந்தது. சௌம்யா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் கணவனின் முகம் இப்படி வெளுத்து அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள்.

அது போன வருஷம். பைக்கில் ஆந்திரா பக்கம் போயிருந்தபோது, பட்டப்பகலில், ஆளில்லாத கிளைச்சாலை ஒன்றில் இரண்டு பேர் வழியை மறித்தார்கள். ஒருவன் கையில் அரிவாள். ரகுராமை மண்டியிடச் சொன்னார்கள். அவன் மண்டியிட்டான். போன், வாட்ச், அவள் கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, சிரித்தபடியே போய்விட்டார்கள். யார் மேலும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தான். சிக்னலில் பக்கத்தில் யாராவது பைக்கை நிறுத்தினால் அவன் தோள் இறுகுவதைப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அவளால் உணர முடிந்தது. அப்படிப்பட்டவனே ஒரு நாள் வந்து, "தனுஷ்கோடி வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்று கேட்டபோது, அப்பாடா, பயம் தெளிந்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

"ரகு, என்ன காணோம்? சொல்லு."

அவன் எதிரே இருந்த சோதனைச் சாவடியைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "அப்பாவோட ரிவால்வர்."

சௌம்யாவுக்கு முதலில் புரியவில்லை. மாமனார் ஞானசேகரன் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, வங்கிக் காவல் வேலைக்காக உரிமம் எடுத்து வாங்கிய துப்பாக்கி அது. அல்சூர் வீட்டு இரும்பு பீரோவில் பூட்டியே இருக்கும். மகன் உள்பட வேறு யார் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாலும் ஜெயில்தான்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சாவி அவர் சட்டைப் பாக்கெட்லதான் இருந்துச்சு." அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "லோடு பண்ணல சௌமி. சும்மா காட்டறதுக்கு. திரும்பவும் எவன் முன்னாடியும் என்னால முட்டி போட முடியாது."

அதைப் பற்றிப் பேச அப்போது நேரமில்லை. "கடைசியா எங்க பார்த்த?"

அவன் கண்ணை மூடி யோசித்தான். காலை ஆறரை மணிக்கு தொம்மலூரில் தங்கை தீபிகா வீட்டில் பொங்கல் சாப்பிட நின்றார்கள். ஜாக்கெட்டைக் கழற்றும்போது ரிவால்வர் இருந்த கருப்பு ஜிப் பையை எடுத்து வெளியே வைத்தான். எங்கே?

"ஷூ ரேக் மேல," என்றான். சொன்னதும் அப்படியே நின்றுவிட்டான்.

தீபிகாவின் மகள் ஷ்ரேயாவுக்கு ஏழு வயது. பயணம் போகும்போதெல்லாம் ரகு மாமா அவளுக்கு ஏதாவது வாங்கி வருவான்.

சௌம்யா தீபிகாவை மூன்று முறை அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. ரகுராமால் சாவியைத் துளையில் பொருத்தக்கூட முடியவில்லை. அவனைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு அவளே வண்டியை எடுத்தாள். அப்போது மணி ஏழே முக்கால்.

வேலைக்குப் போகிற நேரம். ஓசூர் ரோடு முழுக்க ஊருக்குள் நுழைகிற கம்பெனி பஸ்களும் லாரிகளும். போகும்போது அரை மணியில் கடந்த தூரம் இப்போது அடி அடியாக நகர்ந்தது. பொம்மனஹள்ளியில் சுத்தமாக நின்றுவிட்டது. அங்கேதான் பின்னாலிருந்து அவன் காதருகே சொன்னான்.

"லோடு பண்ணியிருக்கேன்."

அவள் திரும்பவில்லை. முன்னால் நின்ற பஸ்ஸின் புகை முகத்தில் அடித்தது.

"கிளம்பறப்ப பாத்ரூம்ல வெச்சு குண்டு போட்டேன். காலியா எடுத்துட்டுப் போறதுல என்ன அர்த்தம்னு தோணிச்சு."

ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. தீபிகா.

"சாரி அண்ணி, குளிச்சிட்டு இருந்தேன். அண்ணா ஸர்ப்ரைஸ் கிஃப்ட் வெச்சிட்டுப் போயிருக்காராமே? ஷ்ரேயா அந்தக் கருப்புப் பையைத் தூக்கிட்டுக் குதிச்சிக்கிட்டே வேன்ல ஏறினா. சாயந்திரம் வந்து திறக்கலாம்னு பால்கனியிலேர்ந்து கத்தினேன், கேக்கவே இல்ல."

"தீபி, அது கிஃப்ட் இல்ல. அவ கிளாஸ் மிஸ் நம்பர் உடனே அனுப்பு."

"ஏன் அண்ணி? என்ன ஆச்சு?"

"அனுப்பு முதல்ல."

நம்பர் வந்தது. சௌம்யா வண்டியை ஓரங்கட்டினாள். ரகுராம் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஸ்கூலுக்குப் பண்ணாத. போலீஸ் வந்துடும். அப்பா லைசென்ஸ் போயிடும், என் வேலை போயிடும். இன்னும் அரை மணி நேரம்தான், நாமே போய் ஏதாவது சொல்லி வாங்கிட்டு வந்துடலாம். அவ மூடி வெச்சிருப்பா."

"ஏழு வயசுப் பிள்ளை, ரகு. கிஃப்ட்டுன்னு நினைச்சிட்டு இருக்கா."

"ப்ளீஸ் சௌமி."

அவன் கையை விடவில்லை. அந்தப் பிடியில் அவளுக்கு வலித்தது. அரிவாளோடு நின்றவனைப் பார்த்தபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை என்று அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது. இவன் யோசிப்பான், பத்து நிமிஷம் வாதாடுவான், அந்தப் பத்து நிமிஷமும் அங்கே ஒரு வகுப்பறையில் போய்க்கொண்டிருக்கும். கையை உதறி விடுவித்துக்கொண்டு, இறங்கி நாலடி தள்ளி நின்று நம்பரை அழுத்தினாள்.

"ஜூடித் பேசறேன், சொல்லுங்க." பின்னணியில் குழந்தைகளின் இரைச்சல். பெஞ்சு இழுபடும் சத்தம்.

"மிஸ், நான் ஷ்ரேயாவோட அத்தை. அவகிட்ட ஒரு கருப்பு ஜிப் பை இருக்கும். அதுக்குள்ள துப்பாக்கி இருக்கு. நிஜத் துப்பாக்கி, குண்டு போட்டது. தப்பா வந்துடுச்சு. சத்தம் போடாம வாங்கிடுங்க மிஸ்."

எதிர்ப்பக்கம் போன் எங்கோ வைக்கப்படும் ஓசை. இரைச்சல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தது. "குட்டிம்மா, அது என்ன, மிஸ்கிட்ட காட்டு" என்று ஜூடித்தின் குரல் தூரத்தில், சாதாரணமாக, கொஞ்சலாக வந்தது. பிறகு இரைச்சல் மட்டும். சௌம்யா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். லாரிகள் ஹாரன் அடித்தன. எந்த நொடியிலும் ஒரு வெடிச் சத்தம் கேட்கும் என்று அவள் உடம்பு முழுக்கக் காத்திருந்தது.

ஒரு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ, அவளுக்குத் தெரியவில்லை. போனை யாரோ எடுத்தார்கள்.

"என்கிட்ட இருக்கு," என்றாள் ஜூடித். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது குழந்தைகள் எல்லோரும் மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டில் போலீஸ் ஜீப் நின்றது. ஜூடித் வராந்தாவில் சுவரைப் பிடித்தபடி சௌம்யாவிடம் சொன்னாள்: "நான் போறப்ப ஜிப் திறந்திருந்துச்சு. ஃபாத்திமான்னு ஷ்ரேயாவோட ஃப்ரெண்ட், அவ மடியில இருந்துச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து குனிஞ்சு உள்ள பார்த்துட்டு இருந்தாங்க."

"இது யார்து?" என்று கன்னடத்தில் கேட்டார் இன்ஸ்பெக்டர். தலைமையாசிரியர் அறை மேசையில் அந்தப் பை இருந்தது. ரகுராம் திரும்பி மனைவியைப் பார்த்தான். எங்கப்பா மறந்து வைத்தது என்று சொல்லிவிடு, வயசானவர், விட்டுவிடுவார்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

"பீரோவிலிருந்து எடுத்து, குண்டு போட்டு, கொண்டு வந்தது இவர்தான்," என்றாள் சௌம்யா. "மாமாவுக்கு எதுவும் தெரியாது."

அன்று மாலை ஞானசேகரன் இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்டேஷனுக்கு வந்தார். உரிமப் புத்தகத்தை மேசையில் வைத்தார். கம்பிக்குப் பின்னால் இருந்த மகனைப் பார்க்காமல், எங்கெங்கே என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். தீபிகா அதற்குப் பிறகு அண்ணனோடு பேசுவதில்லை. ஷ்ரேயாவை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டாள்.

ரகுராம் ஜாமீனில் வந்து நாலு மாதம் ஆகிறது. வழக்கு நடக்கிறது. ஆபீஸில் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"நீ அந்த போன் பண்ணாம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

அவள் ரசத்தை ஊற்றினாள். அவன் குரலில் கோபம் இல்லை. ரொம்ப நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவனின் நிதானம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

போன வாரம் ஆபீஸிலிருந்து வந்தவள், அவன் லேப்டாப் திரையைப் படக்கென்று மூடுவதைப் பார்த்தாள். விலை போட்ட ஏதோ ஒரு கத்தியின் படம். மறுநாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் இரண்டு செட் துணியையும் தன் சான்றிதழ்களையும் பையில் வைத்துக்கொண்டு, சிவாஜிநகர் பஸ் ஏறி, அங்கிருந்து அம்மா வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்வரை அவள் கண் பஸ்ஸின் வாசல்படியை விட்டு நகரவில்லை.