நீல வில்லை ஆடுகள்

பாழாய்ப்போன வானம் மூன்றாவது வருடமும் கைவிரித்துவிட்டது. மெரினோ செம்மறியாட்டுப் பண்ணை மேலாளருக்கு ஒரே ஆறுதல், இரண்டு கிடாக்களின் வாரிசுகளில் எது பஞ்சம் தாங்கும் என்ற சோதனைக்கு விடை கிடைத்ததுதான். ஒரே மேய்ச்சல், ஒரே தீவனம். ஒரு கிடாவின் வாரிசுகளான, காதில் நீல வில்லை மாட்டியவை கொழுகொழுவென்று நின்றன. மற்றதன் வாரிசுகளான சிவப்பு வில்லைக்காரர்கள் எலும்பும் தோலுமானார்கள். போன வாரம்தான் சிவப்புக் கூட்டத்தை அவற்றின் தகப்பன் கிடாவோடு சேர்த்து இறைச்சிக்கு அனுப்பியிருந்தார்.

தொழுவத்தைக் கழுவக் காலி வாளியோடு வந்த மனைவியிடம் பீற்றிக்கொண்டார். "பாத்தியா, நீலத்துக்கு என்ன தெம்பு!"

அவள் முகம் செத்துவிட்டது. "கோவப்படாதீங்க. இதுங்கதான் முதல்ல சுருண்டு விழுந்துச்சுங்க. மனசு கேக்கல. நீங்க அந்தாண்ட போனதும் தினம் ஒரு வாளி சோளம் வச்சேன்."

"அப்ப சிவப்புக்கு?"

"அதுங்களுக்கு எதுக்குங்க? மெலிஞ்சாலும் நின்னுச்சுங்களே."

திட்ட வாயெடுத்தார். அதற்குள் அவள் கையிலிருந்த வாளியைப் பார்த்துவிட்டு நீலங்கள் முண்டியடித்து ஓடிவந்தன.