எர்த் பிடிக்காத கேபின்

1
இந்தக் கதை என்னுடையதல்ல, என் அக்காவின் வாயிலிருந்து பிடுங்கியது. அக்காவும் மாமாவும் ஒரே ட்ரெய்லர் லாரியை மாறி மாறி ஓட்டுகிறவர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் தூங்குவார். போன வாரம் அக்கா ஃபோனில் சொன்னாள்: "இனிமே இவர்கூட ஓட்ட மாட்டேன்டா. முதலாளிகிட்ட வேற வண்டி கேட்டுட்டேன்."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கை பேனாவைத் தேடியது. எழுதுகிறவனைத் தம்பியாகப் பெற்றால் இப்படித்தான்.

2
முதல் வரிக்கு எடுத்த முயற்சிகள்:

இருள் சூழ்ந்த நெடுஞ்சாலையில் அவளுடைய கண்கள் மட்டும் —

(வேண்டாம். பேய்க்கதை ஆகிவிடும்.)

டாஷ்போர்டு அணைந்தது. அதோடு அவர்களுடைய —

(அடுத்த சொல் உங்களுக்கே தெரிந்துவிட்டது. அடித்துவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். இருட்டிய பிறகு அக்கா ஓட்டும்போது, படுக்கைக்கு மேலிருக்கும் சின்ன விளக்கை மாமா போட்டால் டாஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்துவிடும். வேகம் தெரியாது, டீசல் தெரியாது. அவர் அதை அணைத்தால் இது எரியும். "வேணும்னே போடறார்" என்பது அக்காவின் கட்சி. "அவளே டாஷ்போர்டு வெளிச்சத்தக் குறைச்சு வெச்சிட்டு என்மேல பழி போடறா. எவ்வளவு வேகமாப் போறான்னு எனக்குத் தெரியக் கூடாதாம்" என்பது மாமாவின் கட்சி.

3
மாமா பாத்திரம் கையில் நிற்கவில்லை. லாரி டயரைத் தனியாளாகக் கழற்றுகிற ஆளுக்குத் தூங்குவதற்கு விளக்கு எதற்கு? புத்தகம் படிக்கிறார் என்று எழுதிப் பார்த்தேன். மாமாவா, புத்தகமா? என் முதல் நாவலை ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுத்தவர் அவர். காரணம் தெரியாமல் கதை ஓர் அடி நகராது என்பதால் லாரியைப் பழுதுபார்க்க விட்டிருந்த ஷெட்டுக்கு நானே போனேன். அக்காவும் மாமாவும் அங்கேதான் இருந்தார்கள்.

4
எலக்ட்ரீஷியனுக்கு அங்கே 'அவசரம்' என்று பட்டப்பெயர். எதிலும் அவசரப்படாதவர் என்பதால். முதலில் டாஷ்போர்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பார்த்தார். முழு வெளிச்சத்தில்தான் இருந்தது. (மாமாவின் கட்சி காலி.) ஃப்யூஸ் நன்றாக இருந்தது. பல்பை மாற்றினார், அதே கதை. கடைசியில் விளக்கிலிருந்து பாட்டரியின் மைனஸுக்குத் தனியாக ஒரு வயர் இழுத்தார். இரண்டும் பளிச்சென்று எரிந்தன.

"எர்த் புடிக்கல. ரெண்டு லைட்டுக்கும் ஒரே ஸ்க்ரூ. அதுக்கு அடியில யாரோ பெயின்ட் அடிச்சிருக்காங்க."

(கரண்ட் திரும்பிப் போக வண்டியின் வெறும் இரும்பு வேண்டும். பெயின்ட் மறித்துவிடும். இதை வைத்துத் தாம்பத்தியம் பற்றி ஒரு பத்தி எழுதினேன். ரொம்ப அழகாக வந்தது, அதனாலேயே கிழித்துவிட்டேன்.)

மாமா கூரையைப் பார்த்தார். போன மாதம் அக்கா காய்ச்சலில் வீட்டில் கிடந்தபோது, கேபின் உள்பக்கம் முழுக்க இளநீலம் அடித்தவர் அவர்தான்.

"உனக்குப் புடிச்ச கலர்னுதான்..."

"அடிச்சீங்க, சரி. கழட்டின வயர பெயின்ட் மேலயேவா முடுக்குவீங்க?" என்றார் அவசரம்.

"சுரண்டினா கலர் போயிடுமேன்னு..."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

5
பெயின்ட்டைச் சுரண்டி, ஸ்க்ரூவை முடுக்கி, கேபின் திரைகளை இழுத்துவிட்டுப் பார்த்தோம். இரண்டு விளக்கும் எரிந்தன.

"எல்லாம் சரி. தூங்கற ஆளுக்கு லைட் எதுக்கு?" என்று கேட்டாள் அக்கா.

மாமா அந்தச் சின்ன விளக்கை ஒரு தடவை அணைத்துப் போட்டார். பிறகு, "இருட்டுல எனக்குத் தூக்கம் வராது. பயம்" என்றார்.

"இத்தன வருஷத்துல வீட்ல ஒரு நாளும் லைட் கேட்டதில்லையே?"

"வீட்ல நீ பக்கத்துல இருப்பே."

இப்படி ஒரு வரியை நான் எழுதியதே இல்லை. பொறாமையாக இருந்தது, அழுகையும் வந்தது.

6
அப்போதுதான் அக்காவுக்கு முதலாளியின் ஃபோன் வந்தது.

முடிவு ஒன்று: அக்கா "வேற வண்டி வேணாம்" என்கிறாள். (நம்ப முடியவில்லை. அவள் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வருகிறவள் அல்ல.)

முடிவு இரண்டு: புது வண்டிக்குப் போகிறாள். மாமா ஏதோ ஒரு சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டு —

(கை வரவில்லை.)

அக்காவிடமே கேட்டேன். "உன் வேலையப் பாருடா" என்றாள். ஆகவே முதலாளியாக நீங்களே இருங்கள். இரண்டு பேரையும் இப்போது என் அளவுக்கு உங்களுக்கும் தெரியும். அக்கா ஃபோனை எடுத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது கேட்கும், அது மாமா. "புது வண்டி ரெடிம்மா, எப்ப வர்றே?" என்று கேளுங்கள்.