கோணலாக வெட்டிய எண்

என் அக்காள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு துணித்துண்டு தொங்கியது. போன வருடம் கடலோர நெடுந்தூர ஓட்டத்தில் நான் மார்பில் குத்தியிருந்த எண் அது. வெட்டியெடுத்தவர் அக்காள் வீட்டுக்காரர், என் அத்தான். அந்தப் பந்தயத்தில் எல்லோருக்கும் பின்னால் வருவது அவர் பொறுப்பு. பாதியில் நின்றவர்களின் எண்ணை வெட்டி ஜீப்பில் ஏற்றிவிடுவார்.

கலங்கரை விளக்கத்தடியில் பாறை வழுக்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தையக்காரிக்கு எதுக்கு ஓட்டம்? மெஷினை மிதிச்சா பத்தாதா?"

சிரித்துக்கொண்டே வெட்டினார், அதுவும் கோணலாக. அதற்குப் பிறகு எப்போது போனாலும் "உன் பதக்கம் பத்திரமா இருக்கு பாரு" என்பார். அக்காள் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுவாள். 

இந்த வருடம் முடித்தே தீர வேண்டும். அவரையும் சும்மா விடக்கூடாது.

கடைசி ஓட்டக்காரர் கண்ணில் பட்டால் அத்தான் நடந்துதான் பின்தொடர வேண்டும் என்பது விதி. வருடாவருடம் பின்தங்கியவர்கள் கலங்கரை விளக்கத்தோடு கழன்றுவிடுவார்கள். அத்தான் ஜீப்பில் ஏறிப் போய், முழுத் தூரமும் நடந்தவர் மாதிரி முடிவுக்கோட்டில் கைகுலுக்குவார். கலங்கரை விளக்கத்துக்கு அந்தப் பக்கத்து மணலில் அவர் கால் பட்டதே இல்லை.

கடை திறக்கும் முன் தினமும் மணலில் ஓடிப் பழகியிருந்தேன். வேகமாகவே போயிருக்கலாம். வேண்டுமென்றே கடைசியில் வந்தேன். வழியில் நேரம் குறித்து மூடும் ஒவ்வொரு சாவடியிலும் கடைசி நிமிடத்தில் நுழைந்தேன். கலங்கரை விளக்கத்தருகே அத்தான் ஜீப்பைப் பார்த்தார். அவர் கண்ணில் படும்படி நான் நின்றுகொண்டேன்.

"சீக்கிரம் போய்த் தொலையேன்!"

"முட்டி வலி அத்தான். பொறுமையா வாங்க."

மணல்மேடு மணல்மேடாக இழுத்துக்கொண்டு போனேன். முதலில் திட்டினார், பிறகு கெஞ்சினார், கடைசியில் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. முடிவுக்கொடி தெரிகிற இடத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா தாயே, முடியல. ஜீப்பைக் கூப்பிடு."

கூப்பிட்டேன். பிறகு கையை நீட்டினேன்.

"கத்தரிக்கோலக் குடுங்க."

"எதுக்கு?"

"நடக்க முடியாதவங்க நம்பரை வெட்டணும்ல?"

அவர் சட்டையில் 'கடைசி ஆள்' என்று எழுதிய பட்டை இருந்தது. முடிவுக்கோட்டை மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. போனால் போகட்டும் என்று, கோடு போட்ட மாதிரி நேராக வெட்டினேன். அப்புறம்தான் உண்மையிலேயே ஓடினேன். முடிவுக்கோட்டில் கயிற்றைக் கட்டி வழியை மூட வந்தவர் என்னைப் பார்த்துக் கயிற்றைக் கீழே போட்டார். முடித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பட்டையை என் எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அத்தான் வாளி வெந்நீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். அக்காள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எண்ணைப் பிய்த்து என்னிடம் கொடுத்தாள்.

"அதையும் எடுத்துடு," என்றார் அத்தான்.

"அது இருக்கட்டும்," என்றாள் அக்காள். "தினமும் ஃப்ரிட்ஜைத் திறக்கறவ நான்தானே."