கடைசி மூன்று அத்தியாயங்கள்

சவப்பெட்டிக்குள் புத்தகத்தை எங்கே வைப்பது என்று கொரினுக்குப் பிடிபடவில்லை. தொள்ளாயிரம் பக்கம். தங்கை லவோனின் வயிற்றின் மேல் வைத்தால் பாரமாகத் தெரிந்தது. கடைசியில் இடுப்போரமாகச் செருகினாள்.

'ஈய மகுடம்' தொடரின் ஏழாவது பாகம் அது. அதோடு கதை முடிகிறது. கொரின் டுலூத்திலும் லவோன் ஃபார்கோவிலுமாக, இருபத்திரண்டு வருடம் செவ்வாய்தோறும் போனில் ஆளுக்கோர் அத்தியாயம் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். யாரும் அடுத்த அத்தியாயத்தைத் தனியாக எட்டிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் ஒப்பந்தம். இந்தப் பாகத்தைக் கட்டிலோரம் உட்கார்ந்து கொரினே வாசித்தாள். மூன்று அத்தியாயம் மிச்சமிருக்கும்போது லவோன் போய்விட்டாள். கதையில் வரும் ஹெல்தா ராணி பிழைத்தாளா என்பது இருவருக்குமே தெரியாமல் போகட்டும் என்று கொரின் முடிவு செய்திருந்தாள். அந்த நினைப்பில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் கூட இருந்தது.

துக்கம் கேட்க வந்த வரிசையில் ஒரு பருத்த மனிதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஹார்லன். லவோனோட ஆன்லைன் வாசகர் குழு. அடடா, இந்தப் புத்தகத்தையே வச்சிருக்கீங்களா! முடிவைப் பத்தி அவங்க எழுதினதுக்கு எங்க குழுவே ரெண்டுபட்டு அடிச்சுக்கிச்சு."

"எந்த முடிவு?"

"இதோடதுதான். வெளிவந்த நாலாம் நாளே விமர்சனம் போட்டுட்டாங்களே. எப்பவும் அவங்கதான் முதல் ஆளு."

"அவ முடிக்கவே இல்லையே. நான்தானே வாசிச்சிட்டிருந்தேன்."

ஹார்லன் தன் டையைப் பார்த்தார். கொரின் கையை நீட்டினாள். "காட்டுங்க."

அவர் போனில் லவோனின் விமர்சனம் இருந்தது. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். 'நாலாவது பாகத்தோடு முடித்திருக்க வேண்டிய கதை. ராணியை விட அவள் கழுதைக்குப் புத்தி அதிகம்.' அதன் கீழே, முடிவைச் சொல்லும் பகுதி சாம்பல் கட்டத்தால் மறைக்கப்பட்டிருந்தது. கொரின் அதைத் தொடவில்லை. மறைக்காத கடைசி வரி போதுமாக இருந்தது: 'இதையே இன்னொருவரோடு மறுபடி படிக்கிறேன். அவர் ரொம்ப மெதுவு. அவர் அழும் இடத்தில் நானும் மூக்கை உறிஞ்சியாக வேண்டும்.'

முந்தைய பாகங்களுக்கு அவள் எழுதியதையும் தள்ளிப் பார்த்தாள். ஆறாவது, ஐந்தாவது, நாலாவது. எல்லாமே வெளிவந்த வாரத்துத் தேதிகள். ஆறாவது பாகம் வந்தபோது லவோனுக்கு முதல் சிகிச்சை. நாலு மாதம் வாசிப்பு நின்றது. கை பரபரக்கக் கூடாதென்று கொரின் புத்தகத்தை ஃப்ரீசரில் மான்கறிப் பொட்டலங்களுக்கு அடியில் போட்டு வைத்திருந்தாள். அப்போது லவோன் முழுவதும் படித்துவிட்டு, 'அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிற?' என்று போனில் கேட்டிருக்கிறாள்.

"அழுத்தக்காரி," என்றாள் பெட்டியைக் குனிந்து பார்த்து. "என்னை இத்தனை வருஷம் கேணச்சி ஆக்கிட்டியேடி."

புத்தகத்தை வெளியே உருவினாள். பக்க அடையாளத்துக்கு வைத்திருந்த நீல நாடாவை மட்டும் தங்கையின் விரல்களுக்குள் திணித்தாள். மூடியை இறக்க வந்த பாஸ்டர் தயங்கினார்.

"அது அவங்களோட போகுதுன்னு சொன்னீங்களே?"

"அவ படிச்சு முடிச்சுட்டா, பாஸ்டர்."

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. கொரின் ஹாம் சாண்ட்விச்சைத் தள்ளி வைத்துவிட்டு மூலை மேசையில் புத்தகத்தைப் பிரித்தாள். பெண்கள் தட்டுகளை எடுத்தார்கள், நாற்காலிகளை மடக்கினார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மூன்று அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் முடித்தாள்.

பிறகு தன் போனில் தங்கையின் விமர்சனத்தைத் தேடி எடுத்து, அடியில் எழுதினாள்: 'நான் கொரின். மெதுவாகப் படிப்பவள். கழுதையைப் பற்றி நீ சொன்னது சரி. ராணி சாகும் இடத்தில் நான் அழவில்லை.'

பதிவாகிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கையிலிருந்த காகிதக் கைக்குட்டை நனைந்து கிழிந்திருந்தது. மேசை மேலிருந்த அடுக்கிலிருந்து இன்னொன்றை எடுத்தாள்.