ஐந்தாவது பெயர்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதினாறு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஊரார் உயிருக்கும் என் உயிருக்கும் சேர்த்து பிரேக் மிதித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அம்மா சொல்வாள். ஆனால் அரசாங்க அலுவலகத்தில் ஒருவரைப் பார்த்த பிறகு நான் பரம சாது என்று எனக்கே புரிந்தது. அவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் திட்டுவார்.

என் தம்பி ஒரு மெத்தைக் கம்பெனியில் ஃபோம் வெட்டும் வேலை பார்த்தான். ஷிஃப்ட் முடியும் முன் யாரும் நழுவிவிடக் கூடாதென்று முதலாளி பின்வாசலைப் பூட்டியே வைத்திருப்பான். தீப்பிடித்த அன்று அந்தப் பூட்டுக்கு உள்பக்கம் நான்கு பேர் செத்தார்கள். தம்பியை ஜன்னலை உடைத்து இழுத்தெடுத்தார்கள். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அவனும் போய்விட்டான். முதலாளி மூன்றாம் நாளே விமானம் ஏறியிருந்தான்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு நாட்டில் அவனைப் பிடித்தார்கள். பிடித்தால் மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். அப்படி இல்லையாம். என்ன குற்றம், என்ன சாட்சி என்று அவர்கள் மொழியில் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி, அறுபது நாளுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அந்த நாட்டு நீதிமன்றம் அவனை வெளியே விட்டுவிடும்.

அந்தக் காகிதங்களைத் தயாரிக்கும் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. இரும்பு பீரோக்களுக்கு நடுவே பிரிவு அதிகாரி உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தில் எப்போதும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். கொள்ளு சார் என்று நான் பெயர் வைத்தேன், மனதுக்குள்தான். புதன்கிழமைகளில் எனக்கு வகுப்பு கிடையாது என்பதால் வாராவாரம் போய் அவர் மேஜைக்கு முன்னால் நிற்பேன்.

"வேலை நடக்குதும்மா. நீங்க நிக்கறதால வேகமா நடக்காது" என்பார்.

ஏழாவது புதன்கிழமை, நான் போனதும் அவரே கூப்பிட்டார்.

"உங்க தம்பி பேரு இதுல எங்கம்மா?"

"எதுல சார்?"

"செத்தவங்க பட்டியல்ல. நாலு பேருதான் இருக்கு. வாராவாரம் வந்து என் உயிரை வாங்கறீங்களே, யாரு அந்தத் தம்பின்னு தேடிப் பார்த்தேன். காயம்பட்டவங்க பட்டியல்ல கிடக்கறாரு."

ஆஸ்பத்திரிச் சான்றிதழில் மரணக் காரணம் நிமோனியா என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, தீக்கும் இந்தச் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று போலீஸில் யாரோ விட்டுவிட்டிருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான் வழக்கு என்று நான் இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

"முதலாளி இங்க வந்த பிறகு சேர்த்துக்கலாமே சார்?"

"முடியாதும்மா. எதைச் சொல்லிக் கேட்டு வாங்கறோமோ அதுக்கு மட்டும்தான் அவனை விசாரிக்கலாம். ஒப்பந்தம் அப்படி. இப்ப கேக்காம விட்டா, உங்க தம்பிக்காக அவன்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்க முடியாது."

மீதி இருந்தது பதினோரு நாள். இந்த நேரத்தில் காகிதக் கட்டைப் பிரிக்காதே என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த நான்கு வீட்டுக்காரர்களையும் எனக்குத் தெரியும். என் தம்பிக்காகப் போய் அவர்களுக்கும் கிடைக்காமல் போனால், அவர்கள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

"விட்டுடுங்க சார். நாலு பேருக்காவது கிடைக்கட்டும்" என்றேன்.

"நாலு பேருக்குச் சாவு, உங்க தம்பிக்கு மட்டும் காய்ச்சலா?" என்று மேஜையைத் தட்டினார். பீரோ பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "நாலு பேர் கட்டு இன்னைக்கே போகுது. அதுல யாரும் கை வைக்க வேண்டாம். அஞ்சாவதைக் கூடுதல் மனுவா பின்னாலயே அனுப்பறேன். போலீஸ்ல நான் பேசிக்கறேன். சான்றிதழ் குடுத்த டாக்டர் சத்தியம் பண்ணி எழுதித் தரணும். எங்க இருக்காங்க அவங்க?"

டாக்டரம்மா ஐந்து மணி நேரத் தூரத்தில் ஓர் ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அலுவலக வண்டி கேட்டால் அனுமதி வருவதற்குள் அறுபது நாள் முடிந்துவிடும். சார் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தார். என்னிடம் இருந்தது எங்கள் பயிற்சிப் பள்ளியின் கார்.

"சம்பந்தப்பட்டவங்க வண்டியில நான் ஏறக் கூடாதும்மா" என்று வாசலில் நின்று யோசித்தார். பிறகு, "கார் ஓட்டக் கத்துக்க வந்திருக்கேன்னு எழுதிக்குங்க" என்று சொல்லி, சேர்க்கைப் படிவத்தை வாங்கி ஒரு கட்டம் விடாமல் நிரப்பினார்.

காலை வெயில் ஏறுமுன் கிளம்பினோம். நான் ஓட்ட, அவர் வழக்கமாக நான் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். அங்கே காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது. எதிரே லாரி வந்தால் மிதித்தார். நாய் குறுக்கே வந்தால் மிதித்தார். வேகம் ஐம்பதைத் தாண்டினாலும் மிதித்தார்.

"சார், காலை எடுங்க! பதினாறு வருஷமா ஓட்டறேன்."

"அதான் எனக்குன்னு ஒண்ணு குடுத்திருக்கீங்களே, சும்மாவா வச்சிருக்கறது?"

ஐந்து மணி நேரப் பயணம் ஏழு மணி நேரமானது. திட்டிக்கொண்டே ஓட்டினேன். தம்பி போன பிறகு முதல் தடவையாக அன்று வழியில் வாய்விட்டுச் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டாக்டரம்மா வெளிநோயாளிகள் வரிசையை நிறுத்திவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். சார் பையிலிருந்து பழைய வார்டு குறிப்புகளின் நகலை எடுத்து முன்னால் வைத்தார். டாக்டரம்மா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"கடைசியா எது கொன்னுச்சோ அதைத்தான் சான்றிதழ்ல எழுதினேன்" என்றார். "முதல்ல எது கொன்னுச்சுன்னு யாரும் என்கிட்ட வந்து கேக்கலை."

இரண்டு பக்கம் எழுதினார். ஃபோம் எரிந்த புகை நுரையீரலை உள்ளுக்குள் வேகவைத்திருந்தது, வெந்த இடத்தில்தான் நோய் பற்றியது, தீ இல்லாவிட்டால் இவர் செத்திருக்கமாட்டார் என்று எழுதி, அந்த ஊர் மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் நீதிமன்ற பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். சார் எங்கேயோ போய்த் தண்ணீர் வாங்கி வந்தார்.

"குடிங்க. திரும்பவும் நீங்கதானே ஓட்டணும்" என்றார்.

ஐம்பத்தெட்டாம் நாள் அந்தக் கூடுதல் மனு போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான்கு மாதம் ஆனது. அங்கே முதலாளியின் வக்கீல், நிமோனியாவுக்கு ஒரு மனிதனைப் பிடித்துக் கொடுக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க வாதாடினாராம். அந்த நாட்டு நீதிபதி டாக்டரம்மாவின் இரண்டு பக்கங்களையும் படித்துவிட்டு, ஐந்து சாவுக்கும் அனுப்பலாம் என்று எழுதினார். அவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்க வேண்டும்.

போன வாரம் இங்கே நீதிமன்றத்தில் குற்றச்சாட்டுகளைப் படித்தார்கள். முதலாளி தேய்த்த சட்டையில் கூண்டில் நின்றிருந்தான், முன்னைவிடச் சதை போட்டிருந்தான். நான்காவது பெயர் முடிந்ததும் அவன் வக்கீல் எழுந்து, இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றார். அரசு வக்கீல் அந்த நாட்டு உத்தரவை நீட்டினார். நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்து, "மேல படிங்க" என்றார்.

என் தம்பியின் பெயரைப் படித்தார்கள். வயது இருபத்தாறு, வேலை ஃபோம் வெட்டுவது, பத்தொன்பது நாள் போராடியது என்று எல்லாம் படித்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று ஐந்து தடவை கேட்டார்கள். ஐந்து தடவையும் இல்லை என்றான். சொல்லட்டும். வழக்கு இனிமேல்தான் நடக்கப்போகிறது. ஆனால் என் தம்பி செத்ததற்கு அவன் வாயைத் திறந்து ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வராந்தாவுக்கு வந்து கொள்ளு சாருக்குப் போன் போட்டேன்.

"படிச்சுட்டாங்க சார்."

"அஞ்சுமா?"

"அஞ்சும் சார்."

நன்றி சொல்ல ஒரு வாரமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் திட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க தம்பி பேரைப் படிச்சப்போ அவன் உக்காந்திருந்தானா, நின்னானா?"

"நின்னுக்கிட்டிருந்தான் சார். முடியற வரைக்கும் நின்னான்."

"போதும்மா" என்றார். "போய் அம்மாகிட்ட சொல்லுங்க."