தலையணையோடு திரும்பியவர்

மணிக்கொரு முறை ஒரு தாள். வலி உண்டா, தாகம் உண்டா, படுக்கை சரியா, பாத்ரூம் போகணுமா. நாலு கேள்விக்கும் ஒரு டிக். நோயாளி சௌகரியமாக இருக்கிறார் என்று ஆஸ்பத்திரி தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள ஒரு ஏற்பாடு. காலையிலிருந்து நர்ஸ் ரீனா ஏழு தாள் நிரப்பியிருந்தாள். ஏழும் பச்சைப் பொய் என்று அவளுக்கே தெரியும்.

சந்திரமௌலி, லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். எதைக் கேட்டாலும் "ஐ ஆம் ஃபைன்" என்பார். அவள் தலை மறைந்ததும் கால்மாட்டுக்குத் தலையை மாற்றிப் படுத்துவிடுவார். அப்படி மூன்று முறை ட்ரிப் ஊசி பிடுங்கிக்கொண்டு ஒரே ரத்தம். புத்தி தடுமாற்றம், இன்னொரு முறை ஆனால் கையைக் கட்டிவிடுங்கள் என்றார் டாக்டர். ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியிலிருந்து அடித்துப் பிடித்து ஓடிவந்த மகன் பிரணவ் சம்மதக் கையெழுத்தும் போட்டாயிற்று.

ரீனா ஒரே ஒரு தடவை ஒருவரைக் கட்டியிருக்கிறாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதும் இருப்புக் கொள்ளாமல், வேறு அறைக்குப் போன கால்கள் பாதியில் திரும்பி வந்தன. கதவிடுக்கில் பார்த்தாள். கிழவர் நான்காம் முறையாக எழுந்துகொண்டிருந்தார். கக்கத்தில் தலையணை.

புத்தி தடுமாறியவர் தலையணையை மறக்காமல் எடுத்துப் போவாரா?

ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "அங்கிள், இந்தப் பக்கம் தலை வைக்க என்ன கஷ்டம்? எங்கிட்ட சொல்லுங்க."

ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானம் தாழ்ந்து போயிற்று. அவர் அதைக் காட்டினார்.

"ரன்வே கிழக்கு மேற்கும்மா. முப்பது வருஷம் அங்கதான் வேலை. அப்படின்னா இந்தச் சுவர் வடக்கு."

"அதனால?"

"வாராத செல்வம் வந்தாலும் வடக்கே தலை வைக்காதேன்னு என் வீட்டுக்காரி கிரிஜா சொல்லுவா. நான் சிரிப்பேன்." குரல் இறங்கிற்று. "போன வருஷம் ஆஸ்பத்திரில அவளும் இப்படித்தான் படுத்திருந்தா. கட்டிலைத் திருப்பச் சொல்லுங்கன்னா. பேசாம படுன்னேன். வீடு திரும்பல."

ரீனா யாரையும் கேட்கவில்லை. பிரேக்கை எடுத்து, ட்ரிப் ஸ்டாண்டையும் சேர்த்து இழுத்து, தலைமாடு கிழக்கே வரக் கட்டிலைக் குறுக்கே போட்டாள். அறையில் பாதி அடைந்துபோயிற்று. பத்தே நிமிஷத்தில் குறட்டை.

அந்தக் குறட்டைக்கு நடுவில்தான் வார்டு பொறுப்பாளர் ரோஹிணி வந்து நின்றாள். பின்னாலேயே பிரணவ்.

"ரீனா, ஹே காய்? என்ன இது?" காச்மூச்சென்று கத்தினாள். கட்டிலை நகர்த்தியதற்குக் காரணம் எழுதித் தர வேண்டுமாம்.

ரீனா தாளைப் பார்த்தாள். வலி, தாகம், படுக்கை, பாத்ரூம். எதில் எழுதுவது?

சத்தத்தில் கிழவர் கண் விழித்தார். மகனைப் பார்த்தார். மென்று விழுங்கினார்.

"பயம்னு எழுதும்மா. கட்டம் இல்லேன்னா ஓரத்துல எழுது."

"நீங்களா அப்பா? பயமா?" என்றான் பிரணவ்.

"நான்தான்டா. உங்கம்மாவுக்கும் இதே பயம்தான். அன்னிக்கும் கட்டிலுக்குச் சக்கரம் இருந்துச்சுடா."

பிரணவ் குனிந்து, கட்டில் நகராதபடி பிரேக்குகளை ஒவ்வொன்றாக அழுத்தினான்.