பெட்ரோல் மூடி

"திங்கள்கிழமையிலருந்து ஸ்கூல் மைதானத்துல அவருக்குப் பதிலா நானே புல் வெட்டப் போறேன்டா. வண்டியை ஓட வச்சுக் குடு" என்றாள் அக்கா. அத்தான் இறந்து பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. அவர் மேல் ஏறி அவரைக் கொன்றதும் இதே வண்டிதான்.

பழைய புல்வெட்டும் டிராக்டர். இரண்டு மாதமாக எனக்குத் தண்ணி காட்டியது. பத்துத் தடவை சாவி திருப்பினால்தான் கிளம்பும். பத்து நிமிஷத்தில் திணறி நின்றுவிடும். கார்புரேட்டரைக் கழுவினேன், பிளக், ஃபில்டர் எல்லாம் மாற்றினேன். பெரிய மெக்கானிக் என்று பெயர்தான், என் பாச்சா பலிக்கவில்லை.

அக்கா ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். "ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. இது அவர் கைக்குள்ள இருந்துச்சாம்."

பெட்ரோல் டேங்க் மூடி. அத்தான் வண்டிக்கு ஆசை ஆசையாகப் பச்சை பெயிண்ட் அடித்தபோது மூடியையும் விட்டுவைக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காற்று போகும் ஊசித் துளை பெயிண்டில் அடைத்துக் கிடந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் எப்படி இறங்கும்? நான் கோட்டைவிட்டதை அவர் கண்டுபிடித்திருக்கிறார்.

துளையைக் குத்தி மூடியை மாட்டினேன். ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. அக்கா அழுதாள். முகம் கழுவ உள்ளே போனாள்.

வண்டியை நிறுத்திவிட்டு சீட்டைத் தூக்கினேன். சிவப்பு ஒயர். நான் போட்டது.

சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் எழுந்தால் இன்ஜின் நின்றுவிடும். விபத்துக்கு முந்தின நாள், வண்டியை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்காக, அந்த சுவிட்ச் வேலை செய்யாதபடி ஒயர் போட்டிருந்தேன். எடுக்க மறந்துவிட்டேன். அத்தானிடம் சொல்லவும் இல்லை. அவரோ கியரை எடுக்காமலே இறங்கிப் பழகியவர். இறங்கினால்தான் வண்டி நின்றுவிடுமே. அன்றைக்கு மேட்டில் அது திணறியிருக்கிறது. இறங்கி, முன்னால் நின்று மூடியைத் திறந்திருக்கிறார். காற்று உள்ளே போனதும் வண்டிக்கு உயிர் வந்து, கியரிலேயே இருந்தது அவர் மேல் ஏறிவிட்டது.

ஒயரைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அக்கா வந்து சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினாள். எழுந்தாள். வண்டி டக்கென்று நின்றது. மறுபடி ஸ்டார்ட் பண்ணி, மறுபடி எழுந்தாள்.

"நல்லாத்தானே நிக்குது? அப்ப அவர்தான் ஏதோ கவனமில்லாம..."

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஒயரை எடுத்து நீட்டினேன்.

"அவர் மேல தப்பில்லக்கா. இதைப் போட்டது நான். இது இருந்தா வண்டி நிக்காது. எடுக்க மறந்துட்டேன்."

ஒயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்ப எடுத்தே?"

"இப்பதான்."

"நான் மூஞ்சி கழுவப் போனப்பவா?"

தலையாட்டினேன்.

அக்கா சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். அவள் என்னைவிட எட்டு வயது மூத்தவள்; என்னை 'வாடா, போடா' என்றுதான் பேசுவாள்.

"நீங்க கிளம்புங்க" என்றாள்.